வெளியில் கேட்கும்

ஜெகதீஸ்வரி மொன்றியலுக்கு வந்து ஏழு வருடம். கர்க்லாண்டில் ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. ஈரத் துணி சுமந்தே வலது தோள் போய்விட்டது. அப்படியும் லீவு எடுத்தவள் இல்லை. 2008 யூன் மாதத்தில் முதன்முதலாக ஒரு நாள் லீவு கேட்டதே மகளுக்காகத்தான்.

மகள் ஆர்த்திகாவுக்குப் பதினெட்டு வயது. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கல்லூரி. அந்தக் கோடைக்குப் பழைய மொன்றியலில் அவளுக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. ஆற்றுப் பக்கமாக ஒரு கல்வீடு. வயது முந்நூறுக்குக் கிட்ட. பீவர் மிருகத்தின் தோல் வாங்கி ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றிய வர்த்தகர் ஒருவர் கட்டியது, இப்போது மியூசியம். நீளப் பாவாடையும் வெள்ளைத் தொப்பியும் போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்ட வேண்டும்.

“ஒருக்கா வந்து பாருங்கோ அம்மா. மற்றப் பிள்ளையளின்ர அம்மாமார் எல்லாரும் வந்திட்டினம்,” என்று அவள் இரண்டு கிழமையாக நச்சரித்தாள்.

அன்று பதினோரு பேர் வந்திருந்தார்கள். ஜெகதீஸ்வரி கடைசி ஆளாக நின்றாள். ஆர்த்திகா “போன்ஜூர்” சொல்லித் தொடங்கினாள். பிரெஞ்சில் ஒரு தரம், ஆங்கிலத்தில் ஒரு தரம். ஆள் படுத்து உருளக்கூடிய அடுப்படி, பன்னிரண்டு கதிரை போட்ட சாப்பாட்டு அறை, திரை கட்டிய கட்டில். சொன்னதில் பாதி விளங்கவில்லை. ஆனால் வெள்ளைக்காரர் வாய் பார்த்துக்கொண்டு நிற்க, தன் பிள்ளை கையை ஆட்டி ஆட்டிக் கதைப்பதைப் பார்க்க நெஞ்சு நிறைந்தது.

பிறகு எல்லோரும் நிலவறைக்கு இறங்கினார்கள். வளைந்த கல்கூரை. தெருவோடு ஒட்டியிருந்த சின்னச் சாளரத்தையும் கல் வைத்து அடைத்திருந்தது. படியடியில் இரண்டு விரல் தடிப்பில் இரும்புக் கதவு.

“அந்தக் காலத்தில் நெருப்புத்தான் பெரிய பயம்,” என்று ஆர்த்திகா விளங்கப்படுத்தினாள். “தெருவே எரிந்தாலும் சரக்கு இங்கே பத்திரமாக இருக்கும். கதவைச் சாத்தினால் நீங்கள் எவ்வளவு கத்தினாலும் வெளியில் கேட்காது. பார்க்கிறீர்களா?”

அவள் கதவைத் தள்ளிச் சாத்தினாள். இருட்டில் சிரிப்புச் சத்தம் எழுந்தது. யாரோ ஒரு மனிதர் பகிடிக்கு, “காப்பாற்றுங்கள், காப்பாற்றுங்கள்!” என்று ஆங்கிலத்தில் கத்தினார்.

“கேட்கும்,” என்றாள் ஜெகதீஸ்வரி தமிழில். ஒருவரும் கவனிக்கவில்லை. “வெளியில கேட்கும். கேட்கும், கேட்கும்!”

ஆர்த்திகா கதவைத் திறந்தபோது தாய் கல்தரையில் குந்தியிருந்தாள். இரண்டு கையாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

கூட வேலை செய்கிற பெண் ஒருத்தி மற்றவர்களை மேலே கூட்டிப்போனாள். பின்முற்றத்து வாங்கில் தாயை இருத்தித் தண்ணீர் கொடுத்தாள் ஆர்த்திகா. “என்னம்மா? மூச்சு முட்டினதோ?”

“அப்பாவை எங்க வச்சிருந்தவங்கள் எண்டு எனக்குத் தெரியும்.”

ஆர்த்திகாவின் தகப்பன் வசீகரன் யாழ்ப்பாணத்தில் தபால் கந்தோர் கிளாக்கர். தொண்ணூற்றாறில் ஆமியின் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள். எங்கே கொண்டுபோனார்கள் என்று தெரியாது. அகதி விசாரணையிலும் செஞ்சிலுவைக்காரரிடமும் மகளிடமும் ஜெகதீஸ்வரி இவ்வளவுதான் சொல்லியிருந்தாள். பன்னிரண்டு வருடமாக அதில் ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

“ஒரு புடவைக்கடை முதலாளியின்ர மாடிவீடு. சனம் ஓடினாப்பிறகு ஆமி காம்ப் போட்டிருந்தவங்கள். கீழ சரக்கு அடுக்கிற அறை. நான் உன்னையும் கூட்டிக்கொண்டு ஒவ்வொரு நாளும் போய் கேற்றடியில நிண்டனான். இஞ்ச ஒருத்தரும் இல்லை எண்டுதான் சொல்லுவாங்கள். ஆனா எனக்கு அவற்ற இருமல் கேட்டது. அவருக்கு முட்டு வருத்தம். இருமி முடிய ஒரு இழுவை இழுப்பார். ஒன்பது நாள் கேட்டனான்.”

ஆர்த்திகா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள்.

“கடைசி நாள் உனக்கும் கேட்டிட்டுது. அப்பா எண்டு கூப்பிட வாய் திறந்தனி. நான் உன்ர வாயைப் பொத்திப்போட்டன். அடுத்த நாள் போக, இருமல் இல்லை.”

வாயைப் பொத்தியதற்கு முதல் நாள் அதே கேற்றடியில், மகனின் பெயரைச் சொல்லிக் கத்திய ஒரு தாயைத் தலைமயிரில் பிடித்து உள்ளே இழுத்துப் போயிருந்தார்கள். அதை ஜெகதீஸ்வரி சொல்லவில்லை. சொன்னால் சாட்டுச் சொல்வது போல இருக்கும் என்று நினைத்தாள்.

“எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லை அம்மா.”

“ஓம். அது எனக்குத் தெரியும்.”

இரண்டு மணிக்கு அடுத்த கூட்டம் வந்துவிட்டது. ஆர்த்திகா முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். ஜெகதீஸ்வரி தனியே மெட்ரோ எடுத்து, பிறகு பஸ் எடுத்து வீடு வந்து சேர்ந்தாள்.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் மகள் ஒரு கொப்பியும் பேனையுமாக வந்து இருப்பாள். எந்த ஒழுங்கை? கேற் என்ன நிறம்? முதலாளியின் பெயர் என்ன? கடைசியாக இருமல் கேட்டது எத்தனையாம் திகதி? ஓகஸ்ட் இருபத்திரண்டு. எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதி, காணாமற்போனவர்களைப் பற்றி விசாரிக்கிற நான்கு இடங்களுக்கு அனுப்பினாள். ஒரு இடத்திலிருந்து மட்டும் பதில் வந்தது. அந்த வீடு திருத்தப்பட்டு உரிமையாளரிடம் ஒப்படைக்கப்பட்டுவிட்டதாம். மேலதிக விபரம் எதுவும் இல்லையாம்.

அந்த வருடந்தான் முதல் திவசம். அந்த ஓகஸ்ட் திகதியை வைத்துக் கோயில் ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டித் திதி குறித்தார். “என்ன வருத்தம் வந்து மோசம் போனவர்?” என்று கேட்டார். ஆர்த்திகா பழத்தட்டை அவர் பக்கம் தள்ளி வைத்தாள். ஐயர் மேலே கேட்கவில்லை.

செப்ரெம்பரில் ஆர்த்திகா கல்லூரிக்குப் பக்கத்திலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு போனாள். கோபம் ஒன்றும் இல்லை, பஸ் தூரம் என்றாள். கிழமைக்கு இரண்டு தரம் போன் எடுப்பாள். என்ன சமைச்சனீங்கள், தோள் எப்படி, வீட்டில குளிரோ. எல்லாம் கேட்பாள். ஏன் பொத்தினீங்கள் என்று மட்டும் அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் சொல்லலாம் என்று ஜெகதீஸ்வரி ஒவ்வொரு தரமும் போனைக் காதில் வைத்தபடி காத்திருப்பாள். “சரி அம்மா, வைக்கிறன்,” என்று மகள் வைத்துவிடுவாள்.