சன்னலைப் பார்த்துப் போட்ட நாற்காலி

ரஹீம் பாய் போய்விட்டார்.

நேற்றுக் காலையில் தேவராஜ் போன் பண்ணினான். "டேய்... பாய் போயிட்டாருடா" என்றான். போனை வைக்க இரண்டு பேருக்கும் மனசில்லை.

இங்கே பலருக்கு அவரைத் தெரிந்திருக்காது. கடத்தூரில் மரம் அறுக்கிற மில் வைத்திருந்தவர். எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் மூன்றாவது ஆள்... இல்லை, முதல் ஆள்.

எண்பதுகளில் நான் கடத்தூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தேன். தேவராஜுக்குப் பாலக்கோட்டில் தக்காளி மண்டி. மூன்று பேருக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு பைத்தியம். பழைய வால்வு ஆம்ப்ளிஃபயர், ரெக்கார்டு ப்ளேயர், ஆள் உயர ஸ்பீக்கர்...

ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் என் வாடகை வீட்டு முன்னறையில் கூடுவோம். தேவராஜ் எல்.பி. ரெக்கார்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வருவான். பக்கத்து சீட்காரர் லேசாகச் சாய்ந்தாலும் முறைப்பான். தக்காளியை அவன் அப்படித் தாங்கி நான் பார்த்ததில்லை.

பாய் வரும்போது புருவத்தில் மரத்தூள் ஒட்டியிருக்கும். எங்கள் ஸ்பீக்கர் பெட்டிகள் எல்லாமே அவர் செய்து கொடுத்தவைதான்.

எங்களுக்கு ஒரு சட்டம் உண்டு. இரண்டு ஸ்பீக்கருக்கும் சமதூரத்தில், தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, ஒரு நாற்காலி. புதிதாக எதை மாட்டினாலும் முதலில் பாய்தான் அதில் உட்கார்ந்து கேட்பார். ரெக்கார்டின் ஒரு பக்கம் முழுக்க ஓடி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அவர் கண்ணைத் திறந்து "சரியா இருக்குதுங்க" என்று சொன்ன பிறகுதான் டீ.

அந்த ஒரு வார்த்தைக்காக ஆறு மாதம் உட்கார்ந்து சால்டரிங் பண்ணி ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டினேன். என் மனைவி அதைச் சக்களத்தி என்றுதான் சொல்லுவாள்.

அதை முதன்முதலாகப் போட்ட அன்று வீணை ரெக்கார்டு. ஊசியை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது... வலது பக்கம் மட்டும்தான் சத்தம். இடது ஸ்பீக்கருக்குப் பின்னால் வயர் கழன்று தொங்குகிறது. அவசரத்தில் நான் சரியாக முறுக்கவில்லை.

சட்டப்படி பேசக் கூடாது. பாய் முகம் சுளிப்பார் என்று காத்திருந்தோம். அவரோ கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு பக்கமும் சமமா வருதுங்க தம்பி. அருமைங்க."

தேவராஜ் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன். "ஆமாங்க பாய்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். அவர் டீ குடிக்கிறார், பார்க்க மாட்டார் என்று நினைத்து, குனிந்து வயரை மாட்டப் போனேன். திரும்பினால் பாய் என் கையில் இருந்த வயரையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பாதி டீயை அப்படியே வைத்தார். "மில்லுல வேலை கெடக்குதுங்க" என்று கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை மில் லீவு.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நாங்கள் ரெக்கார்டு போட்டோம்... நன்றாக இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை.

மூன்றாவது வாரம் மில்லுக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார்.

"இடது காது போயி ரெண்டு வருசமாச்சுங்க தம்பி. இந்த மிஷினு அந்தப் பக்கந்தானுங்க கத்துது. வூட்ல கூடச் சொல்லல." கொஞ்ச நேரம் மரத்தூளைக் காலால் தள்ளிக்கொண்டிருந்தார். "சொன்னா அந்த நாற்காலி எனக்கு இல்லாமப் போயிருமேன்னு பயமுங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஞாயித்துக்கெழம வாங்க பாய்" என்று மட்டும் சொன்னேன்.

"வந்து நான் என்னத்தைக் கேக்கறதுங்க?"

தேவராஜிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதற்கெடுத்தாலும் நக்கல் பண்ணுகிறவன், ஞாயிற்றுக்கிழமை சீக்கிரமே வந்தான். ஈரத்துணியால் சாக்பீஸ் கோட்டைத் துடைத்தான். நாற்காலியை இடது பக்கச் சன்னலைப் பார்க்கத் திருப்பிப் போட்டான். அதில் உட்கார்ந்தால் வலது காது நேராக ஸ்பீக்கரைப் பார்க்கும்.

பாய் வந்தார். வாசலிலேயே தயங்கி நின்றார்.

"இந்தப் பக்கந்தான் காத்து வருது பாய், இப்பிடி உக்காருங்க" என்றான் தேவராஜ். தன் நாற்காலியையும் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான். நானும் திருப்பினேன்.

ஒரு பக்கம் ஓடி முடிந்தது. பாய் கண்ணைத் திறக்க நேரமானது.

"அடியில லேசா ஹம்முன்னு ஒரு எரைச்சல் வருதுங்க தம்பி. எர்த்தைப் பாருங்க."

பார்த்தேன். எர்த் வயர் லூசாகத்தான் இருந்தது. இரண்டு காதும் நன்றாக இருந்த எங்கள் இருவருக்கும் அது கேட்கவில்லை.

அதற்குப் பிறகு எல்லா ஞாயிறும் அப்படித்தான். ஒருமுறை சேலத்திலிருந்து வந்த ஒருத்தர், "ஏங்க, ஸ்பீக்கரு அங்க இருக்குது, எல்லாரும் சன்னலைப் பாக்கறீங்க?" என்று கேட்டார். "பெங்களூர்ல இப்பல்லாம் இப்பிடித்தானுங்க கேக்கறாங்க" என்றான் தேவராஜ், முகம் மாறாமல். அந்தச் சேலத்துக்காரர் தன் வீட்டிலும் நாற்காலியைத் திருப்பிவிட்டாராம். அதைக் கேட்டு பாய் சிரித்த சிரிப்பு...

நேற்று அடக்கம் முடிந்து தேவராஜும் நானும் என் வீட்டுக்கு வந்தோம். அதே செட்டுதான். அந்த வீணை ரெக்கார்டைப் போட்டேன்.

"நாற்காலிய நேராத் திருப்பட்டுமாடா?" என்று கேட்டேன்.

"இருக்கட்டும் விடு" என்றான்.

இரண்டு பேரும் சன்னலைப் பார்த்தே உட்கார்ந்திருந்தோம். ஒரு பக்கம் ஓடி முடிந்தது. மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள். நாங்கள் எடுக்கவில்லை. சொல்ல வேண்டியவர் இன்னும் சொல்லவில்லையே...

போய்ட்டு வாங்க பாய்.

எல்லாம் சரியா இருந்துச்சுங்க.