சிவப்புத் துணியைக் கட்டச் சொன்னவர்

செய்தி ஒரு படமாக வந்தது. காலைத் தேநீர் நேரம், வாட்ஸப். மாராத்தாள் அக்காவின் முகம். பின்னால் எந்த ஊரிலோ எடுத்த பச்சைக் காடு. கீழே கைகூப்பியபடி எங்கள் ஊராட்சித் தலைவர். அக்காவின் முகத்தைவிடத் தலைவரின் முகம் பெரிது. 'பசுமைத் தாய்க்குக் கண்ணீர் அஞ்சலி' என்று போட்டிருந்தார்கள். அக்கா இறந்துவிட்டார் என்பது மனதில் ஏறுவதற்கு முன்பே படத்தை மூடிவிட்டேன்.

கம்பெனி வேனுக்காக நின்ற இடத்திலேயே விழுந்திருக்கிறார். நாற்பத்தெட்டு வயது.

அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். குறிப்பாக, அவரைச் 'சிவப்புத் துணிக்காரி' என்று கேலி செய்தவர்களுக்காக.

வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் அவருக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பனியனை விளக்கின் கீழ் விரித்துப் பார்ப்பார். ஓட்டையோ கறையோ இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர். ஸ்டிக்கர் விழுந்த பீஸ் தள்ளுபடி, விழாதது பாஸ். "கண்ணுக்குப் பட்டதப் படலைன்னு சொன்னா, அப்புறம் எதுக்குக் கண்ணு?" என்பார். சூப்பர்வைசர்கள் அவருக்குப் பயந்தார்கள்.

எங்கள் ஊர் அவிநாசிபாளையத்துக்குத் தெற்கே. ஊரை ஒட்டி மழைநீர் ஓடும் பள்ளத்தின் கரையில் ஒரு சிறிய காடு. வெள்வேல், வேம்பு, உசிலை. ஊரின் ஆடுகள் எல்லாம் அங்கேதான் மேயும். அதன் அருகே ஒருவர் சாயப்பட்டறை கட்ட இடம் வாங்கினார். லாரி போக அவருக்குக் காட்டின் நடுவே பாதை வேண்டும். தலைவர் சரி என்றார்.

மறுநாள் பொக்லைன் வந்தபோது ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். கொடி இல்லை, கோஷம் இல்லை. மடியில் பனியன் கட்டு, கையில் சின்னக் கத்தரி. தையலில் நீளும் பிசிறு நூலை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் செய்யும் வேலையை மரத்தடிக்குக் கொண்டுவந்தது அக்காவின் யோசனை. கம்பெனியைப் போலவே ஷிப்ட் போட்டதும் அவர்தான்.

போலீஸ்காரர் ஒருவர் வந்து கேட்டார். "என்னம்மா, போராட்டமா?"

"இல்லீங் சார். பிசிறு வெட்டறோமுங்க. ஊட்ல ஒரே புழுக்கம்" என்றார் அக்கா.

"அத்தனை பேர் வீட்லயும் புழுக்கமா?"

"ஆமாங் சார். ஒரே கரண்டு லைன்தானுங்களே."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொக்லைன் திரும்பிப் போயிற்று. இப்படிப் பதினோரு நாள்.

பன்னிரண்டாம் நாள் தலைவர் சமரசத்துக்கு வந்தார். பாதை வேண்டாம், பட்டுப்போன மரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறோம், விட வேண்டிய பெரிய மரங்களுக்கு நீங்களே அடையாளம் வையுங்கள் என்றார். நம்பினோம்.

சிவப்புத் துணி கட்டலாம் என்று சொன்னது நான்.

படிப்பு முடித்து ஊரில் இருந்த நான்தான் இவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பேன். எங்கோ மலைக்கிராமத்துப் பெண்கள் மரங்களுக்குக் கயிறு கட்டிக் காத்ததைப் பல்கலைக்கழக நூலகத்தில் படித்திருந்தேன். படம் எடுத்தால் அழகாக இருக்கும் என்றும் நினைத்தேன். கம்பெனி வாசலில் கிடக்கும் கட்டிங் வேஸ்ட் துணித் துண்டுகளில் சிவப்பாகப் பொறுக்கி ஒரு சாக்கு நிறையக் கொண்டுவந்தேன்.

அக்கா ஒரு துண்டைக் கையில் வைத்துப் பார்த்தார்.

"வேண்டாங் கண்ணு. செவப்பு வெச்சா தள்ளுபடின்னுதான் எனக்குத் தோணுது. வெக்கறதுன்னா பட்டுப்போனதுக்கு வெப்போம்."

"இது கம்பெனி இல்லைக்கா" என்றேன். சிரித்தேன். அந்தச் சிரிப்பு இன்னும் என் வாயில் எச்சில் மாதிரி கிடக்கிறது.

கட்டினோம். பத்தொன்பது மரங்கள். படமும் எடுத்தேன்.

மறுநாள் பெண்கள் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டார்கள். கம்பெனியில் ஷிப்மென்ட் வாரம், சரக்கு அனுப்பும் அவசரத்தில் எல்லாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். மதியம் தகவல் வந்து நாங்கள் ஓடியபோது பத்தொன்பதும் விழுந்து கிடந்தன. வெள்வேலின் பச்சைப் பட்டை வாசனை. ரம்பம் பிடித்திருந்த வடநாட்டுத் தொழிலாளி மிரண்டுபோயிருந்தான். "தலைவர் அண்ணன் சொல்லுச்சு. சிவப்புத் துணி மரம், வெட்டு."

தலைவர் காரிலிருந்து இறங்கினார்.

"ஏனுங்க, அடையாளம் வெச்சது நீங்கதானுங்களே? ஊரு ஒலகத்துல வெட்டற மரத்துக்குத்தானுங்க அடையாளம் வெப்பாங்க. பசங்க என்னங்க பண்ணுவாங்க, பாவம்."

ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு 'ங்க'. அந்த மரியாதை சாயத் தண்ணீரைப் போல நாறியது.

ஆடு மேய்க்கும் கருப்பாத்தாள் மண்ணை வாரித் தூற்றினார். "எந்த மூதேவி இந்தத் துணியக் கட்டச் சொன்னது?"

நான் படம் எடுத்த போனைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். அக்கா என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார்.

"நாந்தானுங்க அத்தை" என்றார் மாராத்தாள் அக்கா.

பிறகு விழுந்த மரங்களிலிருந்து துணிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார். நான் உதவப் போனபோது தலையைத் தூக்காமல் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"என்னையத் திட்டுனா திட்டீட்டுப் போறாங்க. உன்னையத் திட்டுனா நாளைக்கு மனு எழுத ஆளில்ல. மிச்ச மரம் நிக்கோணும். நீ எழுது."

மூன்று மனு எழுதினேன். நான்காவதற்கு முன் கோவையில் வேலை கிடைத்தது. போய்விட்டேன்.

அவர் மறுபடி உட்கார்ந்தார். தனியாக. முதல் வாரம் ஒருவரும் பக்கத்தில் வரவில்லை. வழியில் போகிறவர்கள் கேட்பார்களாம்: "என்ன மாரா, இன்னைக்கு எந்த மரத்துக்குத் துணி?" அவர் பிசிறு வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பிறகு ஒருவர் வந்தார், பிறகு நால்வர். பட்டறைக்காரர் வேறு பக்கம் வழி பார்த்துக்கொண்டார். மிச்சக் காடு இன்றும் நிற்கிறது. கேலியும் நிலைத்தது, அவர் சாகும்வரை.

அஞ்சலிக் கூட்டத்துக்குப் போனேன். வாட்ஸப்பில் வந்த அதே படம் பெரிய ஃபிளெக்ஸாக, மிஞ்சிய வேப்பமரம் ஒன்றில் ஆணி அடித்து மாட்டப்பட்டிருந்தது. அடிமரத்தில் நான்கு ஆணிகள். தலைவர் பேசினார், கண்ணைத் துடைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் பையில் மரக்கன்று கொடுத்தார். நானும் வாங்கிக்கொண்டேன். படித்த ஆள் என்று என்னிடம் மைக்கைக் கொடுத்தார்கள். ஐந்து நிமிடம் பேசினேன். துணியைப் பற்றிச் சொல்லவில்லை. கருப்பாத்தாள் முன்வரிசையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகவே இங்கே சொல்கிறேன். கட்டச் சொன்னது நான். வேண்டாம் என்று சொன்னவர் அவர். இதைப் படிக்கிறவர்கள் கருப்பாத்தாளுக்கு வாசித்துக் காட்டுங்கள். இல்லை, வேண்டாம். அதையும் நானே போய்ச் செய்ய வேண்டும்.

அவரிடமிருந்து என்னிடம் பொருளாக எதுவும் இல்லை. அவிழ்த்த துணிகளைக்கூட அவர் சாக்கில் போட்டு எடுத்துப் போய்விட்டார். ஒன்று மட்டும் இருக்கிறது. ஒரு சின்னக் கறையைக்கூடத் தப்பவிடாத அந்தக் கண்கள், அன்று மதியம், மரங்களுக்கு நடுவே என்னை நன்றாகப் பார்த்தன. பார்த்துவிட்டுப் பாஸ் செய்தன.