கடலைப் பார்த்துப் படித்த சீனம்

எழுபதுகளின் கடைசியில் எனக்கு நிலையான வேலை இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். கல்முனையில் மனைவி வீட்டில் மாமி போட்ட சோற்றைத் தின்றுகொண்டிருந்தேன். ஹொங்கொங் கப்பலொன்றின் சமையலறைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, அதை விட்டால் வேறு வழி இருக்கவில்லை. தலைமைச் சமையல்காரர் கன்டோனீஸ் சீனம் மட்டும்தான் கதைப்பாராம். எதை எங்கே வைப்பது என்று விளங்கினால் போதுமாம்.

மனைவியின் தம்பி அப்படியொரு கப்பலில் வேலை செய்து, கை வெந்து திரும்பியவன். கரையில் இழுத்து வைத்த தோணியில், கடலைப் பார்த்தபடி இருந்து சொல்லித் தந்தான்.

"சின்பின் எண்டா முன்பக்கம் மச்சான். ஹௌபின் பின்பக்கம். ஜோபின் இடது, யௌபின் வலது."

எங்கள் ஊரில் இடது வலது யார் சொல்கிறார்கள்? சட்டிகூட அடுப்புக்குக் கடல் பக்கம் இருக்கும், இல்லாவிட்டால் வயல் பக்கம் இருக்கும். நானும் அப்படியே பாடமாக்கினேன். சின்பின் கடல். ஹௌபின் வயல். ஜோபின் இடப்பக்கத்து ஊரான மருதமுனை. யௌபின் வலப்பக்கத்து ஊரான சாய்ந்தமருது. அவன் கேட்கக் கேட்கக் கையைக் காட்டினேன். ஒன்றும் பிழைக்கவில்லை.

"நீங்க அரைவாசி சீனன் மச்சான்" என்றான்.

"சோறு எந்தப் பக்கம் இருக்கெண்டு அவருக்குப் படிக்காமலே தெரியும்" என்றார் மாமி.

கொழும்பில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்சி அறையின் ஜன்னலில் கடல் தெரிந்தது. அதற்கு முதுகு காட்டி என்னை ஒரு மேசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். சமையல்காரர் ஒரு கோப்பையைத் தந்து "சின்பின்" என்றார். நான் திரும்பிப் போய் ஜன்னல் கட்டையில் வைத்தேன். "ஹௌபின்" என்றார். எடுத்து வந்து மேசையில் வைத்தேன். "ஜோபின்" என்றதற்கு வலது பக்கம் தள்ளினேன். அவர் குழந்தைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகத் திரும்பச் சொன்னார். நானும் திரும்ப அதையே செய்தேன்.

"ஒரு சொல்லும் தெரியாம ஏன் தம்பி வந்தீங்க?" என்றார் பக்கத்திலிருந்த ஏஜென்சித் தமிழர்.

"தெரியும் சேர்."

"எண்ணெய் கொதிக்கிற இடம். இப்பிடித் திரும்பினா ஆள் செத்துப்போவான்."

அடுத்தவனைக் கூப்பிட்டார்கள். சின்பின் என்பது கடலல்ல, நான் முகம் பார்த்து நிற்கிற பக்கம் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் விளங்கியது. விளங்கி என்ன?

மனைவி பையை வாங்கி, பயணத்துக்கு மடித்து வைத்த உடுப்புகளை எடுத்துத் திரும்பக் கொடியில் போட்டாள்.

"கப்பல் அதுக்குள்ள கரை தட்டிட்டா?" என்றார் மாமி.

அடுத்த கிழமை இறக்காமத்துக்கு வயல் காவலுக்குப் போனேன். யானை வருகிற இடம் என்பதால் ஆள் கிடைக்காத வேலை. நான் வெளிக்கிடும்போது மனைவி வாசலுக்கு வரவில்லை.