முதுகு வேறு, நாரி வேறு

பிள்ளைகளே, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, நான் வேலை செய்யும் கரைவலையின் சொந்தக்காரரான சம்மாட்டி உங்களிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. "கொப்பர் நல்லாத்தான் படம் காட்டுறார், என்ன?" என்று கேட்டுச் சிரித்தார். நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நடந்தீர்கள். உங்கள் அப்பா நோவென்று நடித்துக் கள்ளத்துக்குப் படுத்துக் கிடக்கவில்லை என்று நீங்கள் அறியவேண்டும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வலை இழுக்கும்போது இடப்பக்க நாரியில் சளுக்கென்று ஏதோ பிடித்தது. நிமிர முடியவில்லை. சம்மாட்டிதான் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், அதை மறுக்கமாட்டேன். அங்கே இருந்த டொக்டர் தெற்கிலிருந்து வந்தவர். படித்துப் பழகிய தமிழில் அன்பாகத்தான் கேட்டார்.

"ஐயா, முதுகு நோகுதா?"

"இல்லை, டொக்டர்."

தோளுக்குக் கீழே அழுத்தினார். "இங்கே?"

"இல்லை. நாரிதான்."

அந்தச் சொல் அவருக்குத் தெரியவில்லை. தலையை ஆட்டினார். அவர் படித்த தமிழில் கழுத்திலிருந்து இடுப்புவரை எல்லாம் முதுகு. நமக்கோ முதுகு மேலேயே முடிந்துவிடும், கீழே இருப்பது நாரி. எலும்புப் படத்திலும் ஒன்றும் தெரியவில்லை. அவரில் எனக்குக் கோபமில்லை.

ஆனால் சம்மாட்டி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றவர். இந்தக் கரையில் பிறந்தவர். தன் நாரிக்கு எண்ணெய் போட்டுத் தேய்க்கிறவர். அப்படிப்பட்டவர், கரையில் நாங்கள் தங்கும் கொட்டிலான வாடியில் எல்லோருக்கும் என்ன சொன்னார் தெரியுமா? "டொக்டரே சொல்லிப்போட்டார், முதுகில ஒண்டுமில்லையாம்." பொய் சொல்லாமலே ஒருவனைப் பொய்யனாக்க அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நோவு விடவில்லை. மன்னார் பஸ் நிலையத்தில், அங்கே கட்டாக்காலியாகத் திரியும் கழுதைகளுக்கு நடுவே காத்து நின்று, வெளிமாவட்டத்துப் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே ஒரு பெண் டொக்டர், எலும்பை விட்டுவிட்டுத் தசையைப் பார்க்கவேண்டும் என்றார். எம்.ஆர்.ஐ. மெசினுக்குள் படுக்கவைத்து ஒரு படம் எடுத்தார்கள். பிறகு வெளியே எடுத்துக் குப்புறப் படுக்கவைத்து, நெஞ்சைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார்கள். வேர்வை காயுமுன் திரும்பவும் உள்ளே தள்ளினார்கள். வள்ளத்து எஞ்சினுக்குள் தலையை வைத்தது போன்ற சத்தம்.

கம்பியூட்டரில் இரண்டு படத்தையும் அந்த டொக்டர் காட்டினார்.

"பாருங்கோ ஐயா, வேலை செய்த தசைக்குள்ள தண்ணி கூடும். அதுதான் வலப்பக்கம் வெளுத்திருக்கு. இடப்பக்கம் முதல் இருந்த மாதிரியே கறுப்பு."

"நான் ஒழுங்காத் தூக்கேல்லையோ?"

"சும்மா படுத்திருந்தா ரெண்டு பக்கமும் கறுப்பாத்தான் இருக்கும். இப்பிடி ஒரு பக்கத்தை மட்டும் நடிக்க ஒருத்தராலயும் ஏலாது."

எனக்குச் சந்தோசம் வந்திருக்கவேண்டும். கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. நடிக்கிறேனா என்று நான் கேட்கவே இல்லையே! சம்மாட்டி கிளப்பிய அந்தப் பேச்சு எனக்கு முதலே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

பயிற்சி செய்தால் தசை திரும்ப வேலை செய்யும், அதுவரை வலை இழுக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். படத்தோடு நேரே வாடிக்குப் போனேன். சம்மாட்டி அதை வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"அடேயப்பா, உண்மையாவே படம் காட்டுறாய்!"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. டொக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"சரி, சரி, இனி நம்பிறம். சுகம் வந்தோடன வா."

"அப்ப படம் வராட்டில் நான் பொய்யனோ, சம்மாட்டி?"

"சும்மா கோவிக்காதை. வலை கிட்ட வருது, எல்லாரும் வாங்கோடா" என்று இறங்கிப் போய்விட்டார்.

இவ்வளவு காலம் அவர் கண்ணுக்கு முன்னால் இழுத்தவன் நான். நோகுது என்று நான் சொன்னால் போதாதா? அதற்கு ஒரு மெசின் சாட்சி சொல்லவேண்டுமா?

அவர்கள் தண்ணீரோரம் போன பிறகு வாடிக்குள் நான் மட்டும் நின்றேன். நாரியில் மாட்டி வலை இழுக்கிற பட்டிகளில் என்னுடையது மட்டும் ஆணியில் தொங்கியது. அதைக் கழற்றி மணலைத் தட்டினேன். சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பின்பக்கத்தால் வீட்டுக்கு நடந்தேன்.