வாடையில்லாத கோளாறு

வண்டி ஷெட்டுக்குள் நுழைந்ததும் மூக்கண்ணன் முதலில் செய்வது குனிந்து மோந்து பார்ப்பதுதான். பின்சக்கரத்தருகே மண்டியிட்டு, கண்ணை மூடி இரண்டு இழுப்பு இழுப்பார். பெட்ரோல் கசியும் இடத்தை விரல் வைத்துக் காட்டிவிடுவார். பெற்றோர் வைத்த பெயர் அவருக்கே பாதி மறந்துவிட்டது. கோளாறை எண்களில் சொல்லும் ஸ்கேனர் என்றால் மட்டும் இளக்காரம். "அது சும்மா பயமுறுத்தும்" என்பார். அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது அவர் மனைவியின் வேலை.

அந்த மூக்குக்கே தண்ணி காட்டியது பள்ளி வேன் ஓட்டும் அக்காவின் வண்டி. டேஷ்போர்டில் இன்ஜின் கோளாறு விளக்கு எரிந்தது. பெட்ரோல் ஆவி கசிகிறது என்று ஊகித்து டேங்க் மூடியை மாற்றினார், அணைந்த விளக்கு மறுநாளே எரிந்தது. ஆவி போகும் குழாயை மாற்றினார், அப்புறமும் எரிந்தது. திங்கட்கிழமை அக்கா மூன்றாம் முறையாக வந்து நின்றார். புதன் காலை தகுதிச் சோதனை. விளக்கு எரிந்தால் வேன் ஓடக்கூடாது. பதினான்கு பிள்ளைகளும் வேறு வண்டிக்குப் போய்விடுவார்கள்.

"உங்கள நம்பித்தாண்ணே வேற எங்கயும் போகல" என்றார். அதற்குப் பதில் திட்டியிருந்தாலே தேவலை என்றிருந்தது மூக்கண்ணனுக்கு.

எவ்வளவு மோந்தும் துளி வாடை இல்லை. கசிவே இல்லாத டேங்குக்கு ஏன் இந்த ஆர்ப்பாட்டம்? மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, வேறு வழியில்லாமல், டேங்க் பிரஷர் எவ்வளவு காட்டுகிறது என்று மனைவியிடம் கேட்டார். மூடியிருந்தபோது காட்டிய அதே எண்தான், இம்மியும் இறங்கவில்லை என்றார் அவர்.

"மூடி என் கையில இருக்கு. திறந்த டேங்குல பிரஷர் எப்படி நிக்கும்?"

"பிரஷர அளக்குற சென்சர்தான் பொய் சொல்லுது. முதல் நாளே ஸ்கேனர மாட்டிப் பாருங்கன்னேன். மூக்கே போதும்னீங்க."

மூக்கண்ணன் ஒயரில் பழுதில்லை என்று பார்த்துக்கொண்டார். பேட்டரி இணைப்பைக் கழற்றினார். பின்சீட்டைத் தூக்கி, டேங்கின் தலையில் தீப்பெட்டி அளவில் உட்கார்ந்திருந்த சென்சரை எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தினார். மூடி திறந்திருக்க, ஸ்கேனரில் பூஜ்யம். ஆனாலும் இரண்டு தடவை சூடுபட்டவர். அக்காவைச் செவ்வாய் முழுக்க ஓட்டிப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். அன்றெல்லாம் அவருக்கு வேலையில் கையே ஓடவில்லை. மத்தியானச் சாப்பாடு அப்படியே திரும்பிப் போயிற்று.

சாயங்காலம் வேன் வந்தது. அக்கா வண்டியை நிறுத்தி, மறுபடி சாவியைத் திருப்பிக் காட்டினார். எல்லா விளக்கும் எரிந்தன. இன்ஜின் பிடித்ததும் ஒன்றுவிடாமல் அணைந்தன.

"நாள் முழுக்க எரியலண்ணே" என்றார் அக்கா.

மூக்கண்ணனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சன்னல் வழியே கையை விட்டு இன்ஜினை அணைத்தார். மனைவியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு, இன்னொரு தடவை சாவியைத் திருப்பினார்.