பாலைவனத்தில் தோண்டிய தறிக்குழி

ஆரணியில் மழைக்காலம் வந்தால் நெய்பவர் கால் விட்டு உட்காரும் தறிக்குழிக்குள் நீர் ஊறும். நீளவாக்கில் ஓடும் பாவு நமத்துப்போய் இழைகள் ஒட்டிக்கொள்ளும், வேலை நின்றுவிடும். அதனால் குழி என்றாலே எனக்கு எரிச்சல். தொண்ணூறுகளின் கடைசியில், குஜராத்தின் கட்ச் பாலைவனத்துக் கைவினைக் கண்காட்சிக்குப் பட்டு நெய்யும் பெண் ஒருத்தி வேண்டும் என்று எங்கள் நெசவாளர் சங்கத்துக்குக் கடிதம் வந்து, என்னை அனுப்ப முடிவானபோது, குழி கூடாது என்றுதான் முதலில் எழுதச் சொன்னேன். தரைக்கு மேல் சட்டம் அடித்து நிறுத்திய தறியில் ராணி மாதிரி உட்கார்ந்து நெய்யப்போகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

தெருவில் சிரித்தார்கள். எங்கள் தெருவில் ஆண் நெய்வான், பெண் குறுக்கே ஓடும் ஊடை நூலைக் குச்சியில் தாராகச் சுற்றித் தருவாள். என் கணவர் இல்லாத நேரத்தில் நான் நெய்ததெல்லாம் அவர் நெய்ததாகவே போகும். கண்காட்சியிலோ, பத்து நாளில் ஒரு முழுச் சேலையை நானே நெய்து தறியிலிருந்து அறுத்துக் காட்ட வேண்டும். “அரைச் சேலையோட திரும்பி வரும் பாரு” என்றார் பட்டு வியாபாரி, என் காதுபடவே. துணைக்கு என் கணவர் வந்தார். இந்தத் தடவை தார் சுற்றுவது அவர் என்பதால் ரயிலில் இரண்டு நாளும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்.

போய் இறங்கியதும் வாயைப் பிளந்தேன். மண்சுவரில்கூடக் கண்ணாடிச் சில்லு பதித்துக் கோலம் போட்டிருந்தார்கள். பெண்களின் பாவாடையில் துணி எது, பூவேலை எது என்று தெரியவில்லை. நம் பட்டையும் இவர்கள் பார்க்கட்டும் என்று, நான் கேட்டபடி சட்டத்தில் நிறுத்தியிருந்த தறியில் ஏறினேன். பத்து ஊடை ஓட்டுவதற்குள் பாவு பட்பட்டென்று அறுந்தது.

“இன்னாங்க இது, தொட்டாலே புட்டுக்குது?”

“காத்துல ஈரமே இல்லடி. பட்டு காஞ்சி மொரமொரன்னு கீது. பேஜாரா பூடுச்சி” என்றார் அவர்.

இரண்டு நாள் அறுந்த இழையை முடிந்துகொண்டே இருந்தோம். ஒரு முழம்கூட நகரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அப்புறம்தான் உறைத்தது: ஊரில் நான் திட்டித் தீர்த்த அந்தக் குழியின் ஈரம்தான் பட்டை அறாமல் காப்பாற்றி வந்திருக்கிறது. மூன்றாம் நாள் காலை மண்வெட்டி வாங்கிக் குழி தோண்டி, தறியைத் தரையோடு இறக்கினோம். ஒரு குடம் தண்ணீரைக் குழியில் ஊற்றினேன்.

பக்கத்துக் கடையில் பூவேலை செய்துகொண்டிருந்த பெண் கத்திக்கொண்டு ஓடி வந்து குடத்தைப் பிடுங்கினாள். அவள் மொழி எனக்குத் தெரியாது. ஆனால் லாரியில் வந்த தண்ணீர் அது, வரிசையில் நின்று பிடித்தது. குடிக்கிற தண்ணீரை மண்ணில் கொட்டியிருக்கிறேன். வெட்கத்தில் கை கூப்பினேன். பிறகு ஒரு காய்ந்த இழையை இழுத்து அறுத்துக் காட்டினேன். இன்னொன்றை வாயால் ஊதி ஈரப்படுத்தி இழுத்தேன். அது அறவில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

கொஞ்ச நேரத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீரோடு வந்து குழியில் ஊற்றினாள். அவளே போய்த் துணிக்கு நீல அவுரிச் சாயம் போடுகிறவர்களிடமும் சொல்லி, அலசிய நீரை வாங்கி வந்தாள். காலையும் மாலையும் பெண்கள் வரிசையாக ஊற்றிவிட்டுப் போனார்கள். குழி நீலச் சேறானது, என் கால் முட்டிவரை நீலம். ஊடையை இழுத்துக்கொண்டு நாடா ஓடிய ஓட்டத்தில் கணவரால் தார் சுற்றி முடியவில்லை. “ஜல்தி, ஜல்தி” என்று நான் விரட்ட, “இர்றி, எனக்கு இன்னா நாலு கையா கீது?” என்று அலுத்துக்கொண்டார். எனக்கு ஒரே குஷி.

பத்தாம் நாள் மதியம் சேலையை அறுத்தேன். அரக்குச் சிவப்பு, சரிகைக் கரை, முழுச் சேலை. தண்ணீர் ஊற்றிய பெண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கண்காட்சி மைதானத்தைச் சுற்றி வந்தார்கள். என்னிடம் குடத்தைப் பிடுங்கியவள் குழியைக் காட்டித் தன் மார்பைத் தட்டிக்கொண்டாள்.

அதிகாரி ஒருவர் என் கணவரிடம் நேராக வந்து, நெய்தது நீங்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இவர் என்னைக் கை காட்டி, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழிலேயே சொன்னார்:

“நெய்ஞ்சது அவங்க சார். நான் தார் சுத்துற ஆளு.”