வந்து சேராத கடைசிப் பெட்டி

வெள்ளைத் திரைக்கு முன்னால் கொட்டகை மேனேஜர் கையைக் கூப்பிக்கொண்டு நின்றது இன்னமும் என் கண்ணில் நிற்கிறது. கோபாலபுரத்து டென்ட் கொட்டகையும் மாநில எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கொட்டகையும் ஒரே படத்தைப் பங்குபோட்டு ஓட்டிய காலம். அங்கே ஓடி முடிந்த பிலிம் பெட்டி சைக்கிளில் ஏறி, செக்போஸ்ட்டைத் தாண்டி எங்களிடம் வரும். அரிசியை எல்லை தாண்டிக் கொண்டுபோகத் தடை இருந்த நாட்கள் அவை. அன்று சாயங்காலம் படத்தின் முடிவு இருந்த கடைசிப் பெட்டிக்குள் கடத்தல் அரிசி இருக்குமோ என்று சந்தேகப்பட்டு செக்போஸ்ட்காரர்கள் அங்கேயே பிடித்து வைத்துக்கொண்டார்கள். பிலிம் பெட்டியில் அரிசி கடத்துகிற அளவுக்கு எங்கள் ஊர்க்காரர்கள் மேல் அவர்களுக்கு நம்பிக்கை! கொட்டகையில் ஒரே விசில். "ஏனுங்க, கடைசில என்னதாங்க ஆச்சு?" என்று பெண்கள் பக்கமிருந்து கேட்டது என் அக்கா. பெரியப்பாவின் ஒரே மகள். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள்.

பழைய பிரெஞ்சு நாவல் ஒன்றைத் தழுவி எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் அது. அந்த விவரமெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டதுதான். அன்று எங்களுக்கு அது அழுகைப் படம், அவ்வளவே. சிறைக்குப் போய்வந்த ஒருவர் ஒரு பெண்ணை எடுத்து வளர்க்கிறார். அவளை நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்த பிறகு, தன்னால் அவளுக்குத் தலைகுனிவு வரக் கூடாதென்று சொல்லாமல் கொள்ளாமல் ஒதுங்கிவிடுகிறார். அந்த இடத்தில் படம் நின்றுபோனது. மேனேஜர் மீதியை வாயாலேயே ஓட்டினார்: "அந்தப் பெரியவரு மனசு கேக்காம, தானா மக ஊட்டுக்கே வந்துர்றாருங்க. அப்புறம் எல்லாரும் ஒண்ணா இருக்கறாங்க. சுபமுங்க!" அவரே முடிவைப் பார்த்திருந்தாரோ என்னவோ. கூட்டத்தை நல்லபடியாக வீட்டுக்கு அனுப்ப வேண்டுமென்று நினைத்திருப்பார்.

பெரியப்பாவும் சிறைக்குப் போய்வந்தவர்தான். வண்டியில் வைக்கோலுக்கு அடியில் அரிசி மூட்டையை வைத்து எல்லை தாண்டியது ஊரில் பாதிப்பேர். மாட்டிக்கொண்டது அவர் ஒருவர். வெளியே வந்து, எல்லைக்கு அந்தப் பக்கம் நல்லேப்பிள்ளியில் மகள் கல்யாணத்தைப் பந்தலுக்கு வெளியே நின்றே முடித்துவிட்டு, மலைமேல் பள்ளிவாசல் என்ற ஊருக்குப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விட்டார். போய்க் கூட்டிக்கொண்டு வரலாமா என்று அக்கா அதுவரை தவித்துக்கொண்டிருந்தாள். படம் பார்த்த மறுநாள் முகம் தெளிந்திருந்தது. "நாம போயி தொந்தரவு பண்ண வேண்டாங் கண்ணு. அப்பாவே வருவாரு" என்றாள்.

அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக உட்கார்ந்திருந்தாள். பொங்கலுக்கு வருவார், பிள்ளைக்குக் காது குத்தும்போது வருவார் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவர் வரவில்லை. இறந்த செய்திதான் வந்தது. நாங்கள் மலையேறிப் போய்ச் சேர்வதற்குள் தோட்டத்து ஆட்களே அடக்கம் செய்து முடித்திருந்தார்கள். அங்கே பெரியப்பாவுக்குப் பக்கத்து வீட்டு அம்மாள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம், அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மவ வந்து ஒரு வார்த்த கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிருவேன்னு சொல்லிக்கிட்டே கெடந்தாருத்தா. ஒரு எட்டு வந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டுவிட்டாள். எனக்கு அந்த மேனேஜர் மீதுதான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

போன மாதம் அக்காவைப் பார்க்கப் போனபோது, என் பேத்தி அந்தப் படத்தை எங்கிருந்தோ தேடிப்பிடித்து டிவியில் போட்டாள். வேண்டாமென்று எனக்குப் பட்டது. அக்கா விடவில்லை, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நாற்காலியை முன்னால் இழுத்தாள். அந்தக் கடைசிப் பெட்டியைக் கடைசியில் பார்த்தோம். பெரியவர் தானாக எங்கேயும் வரவில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கிறார். மகள்தான் விஷயம் தெரிந்து ஓடுகிறாள். அவள் மடியில் தலைவைத்து, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவர் போய்ச் சேர்கிறார்.

எனக்கு அடக்க முடியாமல் அழுகை வந்தது. "அன்னைக்கு மட்டும் அந்தப் பெட்டி வந்திருந்தா நீங்க போயிருப்பீங்கக்கா. அந்த மேனேஜர்தான் பொய்யச் சொல்லிக் கெடுத்துப் போட்டான்" என்றேன்.

அக்கா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்து திரை கறுத்துவிட்டிருந்தது.

"அந்தாளு மேல பழி போடாதே கண்ணு. முழுப்படம் பாத்திருந்தாலும் நான் போயிருக்க மாட்டேன். ஜெயிலுக்குப் போன அப்பன்னு எனக்கு வெக்கமா இருந்துச்சு" என்றாள்.